முதல் எழுத்து எங்கே போயிற்று?

1995-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு முந்தின வாரம். மும்பையின் புறநகர் ஒன்றில், எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் செயற்குழு கூடி ஒரு நல்ல முடிவு எடுத்தது. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் பெரிய தாளில் அச்சிட்டு மண்டப வாசலில் ஒட்டுவது. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார் என்று போடக்கூடாது. பதினொரு ரூபாய் கொடுத்தவரும் ஆயிரத்தொரு ரூபாய் கொடுத்தவரும் ஒரே அளவு எழுத்தில் வரவேண்டும். கடைசியில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் போதும்.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, மாலை வேளைகளில் 'சி' மொழியில் புரோகிராம் எழுதப் படித்துக்கொண்டிருந்தேன். பாதி கற்றவனுக்கு இருக்கும் ஆர்வம் உங்களுக்குத் தெரியுமே! "பட்டியலை நான் அடித்துத் தருகிறேன்" என்று முன்வந்தேன். நண்பர் ஒருவர் வீட்டில் கம்ப்யூட்டரும், கரகரவென்று சத்தம் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இருந்தன. அதில் தமிழ் எழுத்து கிடையாது. 62 பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே அடித்தேன்.

விழாவன்று காலை செயலாளர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "சார், ஒன்பது பேரோட பேர் சின்ன எழுத்துல வந்திருக்கு. கம்மியா குடுத்தவங்களைச் சின்னதா போட்டுட்டோம்னு ஒரே பேச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலுக்கு ஓடினேன். மற்றவர்கள் பெயர் எல்லாம் அகலமான எழுத்தில் பளிச்சென்று இருக்க, ஒன்பது பெயர்கள் மட்டும் மெலிந்து கிடந்தன. அதுமட்டுமா? ஆறுமுகம் என்ற பெயரின் முன்னால் ஒமேகா என்ற கிரேக்க எழுத்து நின்றது. ஆங்கிலத்தின் 'ஏ'யைக் காணோம். சந்திராவின் 'சி' இருந்த இடத்தில் முடிவிலிக் குறி, படுத்துக்கிடக்கும் எட்டுப்போல.

அங்கே ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முந்தின வருடம் காலமான தம் மனைவியின் பெயரில் அவர் நன்கொடை கொடுத்திருந்தார். பவானி என்பது அந்த அம்மாளின் பெயர். தாளில் 'பி' இல்லை. டெல்டா என்ற கிரேக்க எழுத்தும், அதன்பின் 'ஹவானி' என்று படிக்கும்படி மிச்ச எழுத்துகளும் இருந்தன. அவர் கோபிக்கவில்லை. "தம்பி, அவ பேர்ல முதல் எழுத்து எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிற்பாடு தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் இன்று கம்ப்யூட்டர் படிக்காத பிள்ளை அரிது. அவர்களுக்கும், அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோருக்கும் பயன்படும்.

தப்பிக்கும் குறி

புரோகிராமில் ஒரு வாசகத்தை அச்சிட வேண்டுமானால் அதை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவோம். உள்ளே இருப்பது அப்படியே அச்சாகும். ஆனால் எல்லாவற்றையும் அப்படி எழுதிவிட முடியாது. 'அடுத்த வரிக்குப் போ', 'மணி அடி', 'எழுத்தை அகலமாக்கு' என்பவையும் கணிப்பொறிக்கு எழுத்துகள்தாம். ஆனால் அவற்றுக்கு உருவம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மட்டும் உண்டு. 1963-ல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்ற அட்டவணையில் அடுத்த வரிக்கு 10, மணிக்கு 7 என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பிரிண்டரில் 14-ஆம் எண் போனால், அந்த ஒரு வரிக்கு மட்டும் எழுத்து இரு மடங்கு அகலமாகும். அடுத்த வரியில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் 14-ஐ வைக்க வேண்டியிருந்தது.

உருவம் இல்லாத எழுத்தை மேற்கோளுக்குள் எப்படி வைப்பது? அதற்குத்தான் \ என்ற பின்சாய்கோடு. இது வந்தால், 'அடுத்து வருவதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாதே, இது ஒரு சங்கேதம்' என்று பொருள். சாதாரண வாசகத்திலிருந்து ஒரு கணம் தப்பித்துப் போவதால் ஆங்கிலத்தில் இதற்கு 'எஸ்கேப்' என்று பெயர். ஆஸ்கியில் பின்சாய்கோடு இடம்பெறக் காரணமானவர் பாப் பெமர் என்ற அமெரிக்கர். 1961-ல் அவர் இதைச் சேர்க்கச் சொன்னது வேறு காரணத்துக்காக. அல்கால் என்ற மொழியில் 'மற்றும்', 'அல்லது' என்பவற்றுக்கான கூம்பு வடிவக் குறிகளை இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்து வரைந்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில் அது சங்கேதக் குறியாக நிலைத்துவிட்டது. பின்னால் வந்த மொழிகளில் பெரும்பாலானவை அதையே பின்பற்றின.

சங்கேதம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பின்சாய்கோடு சொல்லிவிடுகிறது. எங்கே முடிகிறது என்பதை யார் சொல்வது? என் வம்பு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது.

பெயரை விழுங்கிய எண்

சங்கேத எண்ணை நாம் பழகிய பத்தடிமானத்தில் சி மொழியில் எழுத முடியாது. பதினாறடிமானம் அல்லது எட்டடிமானம், இரண்டில் ஒன்று. நான் முதலில் எடுத்தது பதினாறடிமானம். அதில் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள். மேலே ஆறு இலக்கங்கள் தேவையாதலால் ஆங்கில எழுத்துகளைக் கடன் வாங்கினார்கள். ஏ என்றால் 10, பி என்றால் 11, சி 12, டி 13, இ 14, எஃப் 15. ஆகவே 14 என்பதை, பின்சாய்கோடு போட்டு, பதினாறடிமானத்துக்கு அடையாளமான 'எக்ஸ்' எழுதி, பிறகு '0இ' என்று எழுதினேன். அதை ஒட்டியே பெயரை அடித்தேன்.

முருகன், ராஜகோபால் என்ற பெயர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. எம், ஆர் ஆகியவை இலக்கங்கள் அல்ல. 0இ-யோடு எண் முடிந்தது என்று கணிப்பொறி புரிந்துகொண்டது. ஆனால் பவானியின் 'பி' ஓர் இலக்கமும் ஆயிற்றே! கணிப்பொறி அதையும் எண்ணோடு சேர்த்து '0இபி' என்று படித்தது. 14-ஐப் பதினாறால் பெருக்கி 11-ஐக் கூட்டினால் 235. பிரிண்டரின் அட்டவணையில் 235-ஆம் இடத்தில் இருந்தது டெல்டா. ஆறுமுகத்தின் ஏ சேர்ந்தால் 234, அது ஒமேகா. சந்திராவின் சி சேர்ந்தால் 236, அது முடிவிலி. 14 என்ற எண்ணே போய்விட்டதால் எழுத்தும் அகலமாகவில்லை. முதல் எழுத்தும் போயிற்று, அகலமும் போயிற்று.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கணிப்பொறி என்னை எச்சரிக்காமல் இல்லை. பாலன், தேவகி, ஈசுவரி ஆகிய மூன்று பெயர்களிலும், மொத்தத் தொகை இருந்த வரியிலும், எண் மிகப் பெரியது என்று சொல்லிப் புரோகிராமை ஏற்க மறுத்தது. பாலனில் முதல் இரண்டு எழுத்தும், பி-யும் ஏ-யும், இலக்கங்கள். இரண்டும் சேர்ந்து 3,770 என்றாகிவிட்டது. ஓர் எழுத்துக்கு 255-க்கு மேல் இடமில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நான்கு வரிகளில் மட்டும் நடுவே ஓர் இடைவெளி விட்டேன். முறையீடு நின்றது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்க முதல் ஐந்தாறு வரிகளைத்தான் படித்தேன். நோயை விட்டுவிட்டு ஜுரத்தை மட்டும் தணித்த கதைதான்.

இரண்டாவது சறுக்கல்

அன்று மதியமே வேறு தாள் ஒட்டியாக வேண்டும். பதினாறடிமானம்தான் எதிரி என்று முடிவு கட்டி எட்டடிமானத்துக்குத் தாவினேன். அதில் 0 முதல் 7 வரை எட்டே இலக்கங்கள். எழுத்துகளுக்கு வேலையே இல்லை. 14 என்பது எட்டடிமானத்தில் 16. ஆகவே எல்லா வரியிலும் \16 என்று மாற்றினேன். நேற்று விட்ட இடைவெளிகளையும் எடுத்துவிட்டேன். 62 பெயர்களும் முத்துமுத்தாக வந்தன. பெருமூச்சு விட்டுக் கடைசி வரியைப் பார்த்தேன். மொத்தம் ரூ.14,825 என்று இருக்கவேண்டிய இடத்தில் 'கியூ' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும், அதை ஒட்டி 4,825-ம் இருந்தன. பத்தாயிரம் ரூபாயைக் காணோம்!

காரணம் அதேதான். \16-ஐ ஒட்டி 14,825 வந்ததால் கணிப்பொறி \161 என்று படித்தது. எட்டடிமான 161 என்பது நம் கணக்கில் 113. ஆஸ்கியில் 113 சிறிய 'கியூ'. பதினாறடிமானம் பெயர்களின் முதல் எழுத்தை விழுங்கியது. எட்டடிமானம் தொகையின் முதல் இலக்கத்தை விழுங்கியது. நல்லவேளை, இந்தத் தாள் வாசலுக்குப் போகவில்லை. போயிருந்தால் பெயர் சிறுத்ததற்கு வந்த பேச்சோடு, பணம் எங்கே என்ற பேச்சும் சேர்ந்திருக்கும். மன்றம் நடத்தியவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மொத்தம் 8,000 என்றோ 9,000 என்றோ இருந்திருந்தால் ஒரு தவறும் நேர்ந்திருக்காது. 8, 9 ஆகியவை எட்டடிமான இலக்கங்கள் அல்ல. எண் \16-லேயே நின்றிருக்கும். ஒரு வருடம் சரியாக வந்த அதே புரோகிராம், வசூல் கூடிய அடுத்த வருடம் தவறாக அச்சடித்திருக்கும். இந்தக் குழப்பத்தின் ஆபத்தே இதுதான். எப்போதும் தவறு செய்தால் உடனே பிடித்துவிடலாம். பின்னால் வரும் எழுத்தைப் பொறுத்துச் சரியாகவும் தவறாகவும் மாறிமாறி வந்தால் எங்கே போய்த் தேடுவது?

விடை மிக எளிதாக இருந்தது. எட்டடிமானச் சங்கேதத்தில் அதிகபட்சம் மூன்று இலக்கங்கள்தாம் என்பது சி மொழியின் விதி. ஆகவே \16 என்று எழுதாமல் \016 என்று மூன்று இலக்கத்தையும் நிரப்பிவிட்டால் போதும். நான்காவதாக எது வந்தாலும் அது தனி எழுத்து. முன்னால் போட்ட பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளியில் படித்தோம். இங்கே அந்தப் பூஜ்யம்தான் பத்தாயிரம் ரூபாயைக் காப்பாற்றியது.

பதினாறடிமானத்துக்கு இந்த வழி உதவாது. 1989-ல் அமெரிக்கத் தர நிர்ணயத்தில் அதைச் சி மொழியில் சேர்த்தபோது இலக்கங்களுக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. எட்டு பிட்டுக்கு மேல் எழுத்தின் அகலம் உள்ள இயந்திரங்களும் உண்டு என்பதால் அப்படி விட்டார்கள். எத்தனை பூஜ்யம் போட்டாலும் அடுத்து வரும் ஏ முதல் எஃப் வரையான எழுத்தை அது இழுத்துக்கொள்ளும். ஆனால் அதே தர நிர்ணயம் ஒரு மாற்று வழியும் தந்தது. சங்கேதம் முடிந்தவுடன் மேற்கோளை மூடி, மறுபடி திறந்து பெயரை எழுதலாம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வாசகங்களை மொழியே ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே சங்கேதத்தைப் படித்து முடித்துவிடுவதால் குழப்பம் இல்லை.

பொன்னா, செம்பா?

சில வருடங்கள் கழித்து, என் மகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும்போது பழைய உதாரணம் ஒன்று கண்ணில் பட்டது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்துக்கு உரை எழுதியவர்கள் காட்டுவது. 'செம்பொன்பதின்தொடி' என்று சேர்த்து எழுதினால் என்ன பொருள்? செம்பொன், பதின் தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். செம்பு, ஒன்பதின் தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. எழுத்துகள் ஒன்றே. வெட்டும் இடம் மாறினால் பொன் செம்பாகிறது, பத்து ஒன்பதாகிறது!

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிலிர்ப்பும் வந்தது. \16-ம் 14,825-ம் புணர்ந்த கதை இதுவேயல்லவா? ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இத்தகைய சொற்களை ஒலிக்கும் முறையால் வேறுபடுத்திக்கொள்ளலாம் என்கிறது நம் இலக்கணம். பேசுபவர் எங்கே நிறுத்துகிறார் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். இல்லாவிட்டாலும் தட்டான் கடையில் பேசுகிறோமா, பாத்திரக் கடையில் பேசுகிறோமா என்று இடம் பார்த்து ஊகித்துக்கொள்வோம். கணிப்பொறிக்குக் காதும் இல்லை, ஊகமும் இல்லை. அதற்கு இருப்பது ஒரே விதி. எவ்வளவு நீளமாகச் சேர்க்க முடியுமோ அவ்வளவும் சேர்த்துக்கொள். பவானி என்று ஒரு பெயர் உண்டு, அதைப் பிய்க்கக்கூடாது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

மற்ற மொழிகள் கண்ட வழி

பின்னால் வந்த மொழிகளை உருவாக்கியவர்கள் இந்த முடிச்சை அறிந்தே இருந்தார்கள். அவர்கள் கண்ட வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எண்ணி வைப்பது. 1990-களின் நடுவில் வந்த ஜாவா மொழியில் யூனிகோடு எழுத்தைச் சங்கேதமாக எழுதினால் பதினாறடிமானத்தில் சரியாக நான்கு இலக்கம் இருக்கவேண்டும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. நம் தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை இடம். எல்லாமே நான்கு இலக்கம் என்பதால் தொல்லையில்லை.

ஆனால் எண்ணி வைத்த அளவும் ஒருநாள் போதாமல் போகும். 2019-ல் யூனிகோடு நம் பழைய பின்னக் குறிகளைச் சேர்த்துக்கொண்டது. முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, அதற்கான குறியின் எண் 11எஃப்சி0. இது ஐந்து இலக்கம். நான்கு இலக்கச் சங்கேதத்தில் இதை அப்படியே எழுதினால் முதல் நான்கும் சேர்ந்து ஒரு கொரிய எழுத்தாகும். மிச்சமுள்ள பூஜ்யம் தனியாக நிற்கும். முன்பு கணிப்பொறி அதிகமாக விழுங்கியது. இங்கே பாதியில் எழுந்துவிடுகிறது.

இரண்டாவது, வேலி போடுவது. எண்ணை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டால் அடைப்பு மூடும் இடம்தான் முடிவு. எத்தனை இலக்கமானாலும் சரி, பின்னால் எது வந்தாலும் சரி. பெர்ல் மொழியில் இந்த வழக்கம் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் 2015-ல் ஏற்றுக்கொண்டது. சி மொழியின் வழித்தோன்றலான சி பிளஸ் பிளஸ், 2023-ஆம் ஆண்டுத் தர நிர்ணயத்தில் இதைச் சேர்த்தது.

மூன்றாவது, இடையில் ஒரு நந்தி. 1990-ல் முதல் அறிக்கை வெளியான ஹாஸ்கெல் மொழியில் \& என்று ஒரு குறி உண்டு. அதற்கு எழுத்தே கிடையாது, வெறும் சூன்யம். 'முன்னது முடிந்தது, பின்னது வேறு' என்று சொல்வதற்காகவே அது நிற்கிறது. அந்த மொழியில் எண்ணுக்குப் பதில் ஆஸ்கிப் பெயராலும் சங்கேதம் எழுதலாம். என்னைப் படுத்திய அதே 14-க்கு அங்கே 'எஸ், ஓ' என்று பெயர். 1-ஆம் எண்ணின் பெயரோ 'எஸ், ஓ, எச்'. எங்கள் பட்டியலை அந்த மொழியில் எழுதியிருந்தால் ஆறுமுகமும் பவானியும் தப்பித்திருப்பார்கள். ஹரிஹரன் என்று யாராவது இருந்திருந்தால் அவருடைய எச் பறிபோய் 'அரிஹரன்' ஆகியிருப்பார். ஹாஸ்கெலிலும் நீளமானதே வெல்லும் என்பதுதான் விதி. நடுவில் \& போட்டால் ஹரிஹரன் முழுசாக வருவார்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எட்டடிமானத்தில் எழுதினால் மூன்று இலக்கத்தையும் நிரப்புங்கள். பதினாறடிமானத்தில் எழுதினால், மொழி இடம் கொடுத்தால் அடைப்புக்குறி போடுங்கள்; இல்லையேல் மேற்கோளை மூடித் திறவுங்கள். கோப்பின் முகவரியில் பின்சாய்கோடு வரும்போது விழிப்பாக இருங்கள். 1983-ல் வந்த எம்.எஸ். டாஸ் இரண்டாம் பதிப்பிலிருந்து அடைவுகளைப் பிரிக்க அதே கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் அடைவின் பெயர் அதை ஒட்டி வந்தால், பெரும்பாலான மொழிகள் அதை 'அடுத்த வரிக்குப் போ' என்றே படிக்கும். அங்கே கோட்டை இரண்டு முறை எழுதவேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று. கணிப்பொறி ஒரு வரியை ஏற்க மறுத்தால், அந்த வரியை மட்டும் சரிக்கட்டிவிட்டு நகராதீர்கள். ஏன் மறுத்தது என்று கேளுங்கள். பாலனும் தேவகியும் ஈசுவரியும் எனக்குச் சொல்லவந்ததை நான் கேட்டிருந்தால், பவானியின் முதல் எழுத்து தப்பித்திருக்கும்.

அன்று மாலை நான்கு மணிக்குப் புதிய தாள் வாசலுக்குப் போயிற்று. கலை நிகழ்ச்சி தொடங்கியிருந்ததால் அதைப் பார்க்க யாரும் இல்லை. நானே போய் அந்தப் பெரியவரை அழைத்துவந்தேன். எட்டடிமானம், பதினாறடிமானம் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, பெயர் இருந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிப் படித்தார். "பழைய தாளைக் கிழிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். கிழித்துவிட்டதாகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போதும் பின்சாய்கோட்டை அடித்து எண்ணைத் தொடங்கும்போது, என் விரல் முதலில் தேடுவது பூஜ்யத்தைத்தான்.